ப்ளூ கார்டில் 20-வது மாதம், கம்பெனி விலகல் ஒப்பந்தம் நீட்டுகிறது: கையெழுத்துப் போடலாமா?

நெக்கர்க்கரை | ஜனவரி 14, 2026, இரவு 10:12

வணக்கம்ங்க. இத்தனை நாளா இங்க சும்மா படிச்சுட்டுப் போறவன். இன்னிக்கு எழுத வேண்டிய நிலைமை.

ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கத்துல கார் பாகம் செய்யற ஒரு கம்பெனில டிசைன் இன்ஜினியரா இருக்கேன். கோயமுத்தூர்ல இருந்து 2024 ஜூன்ல வந்தேன், வந்த வாரமே வேலைல சேர்ந்தாச்சு. ப்ளூ கார்டு, அதாவது வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குக் கொடுக்கற வேலை-குடியிருப்பு அனுமதி. வருஷ சம்பளம் 54,000 யூரோ. வீட்டுக்காரியும் நாலு வயசுப் பையனும் கூட இருக்காங்க. அவன் இப்பத்தான் கிட்டால (மழலையர் பள்ளி) செட் ஆகி, ஊர்ப் பேச்சுக்கு நடுவுல ஜெர்மன் கலந்து பேசறான்.

திங்கக்கிழமை எச்.ஆர். கூப்பிட்டாங்க. மேனேஜரும் இருந்தார், என் முகத்தைப் பாக்காம லேப்டாப்பையே பாத்துட்டு இருந்தார். ஆர்டர் குறைஞ்சிருச்சு, டிபார்ட்மென்ட்டைச் சுருக்கறோம்னு சொல்லி நாலு பக்க பேப்பரைத் தள்ளினாங்க. மார்ச் 31 கடைசி நாள், ஒரு மாச சம்பளம் இழப்பீடு, நல்ல வேலைச் சான்றிதழ். 'அடுத்த வெள்ளிக்குள்ள முடிவு சொல்லுங்க, அதுக்கப்புறம் இந்த ஆஃபர் இல்லை'ன்னாங்க. காண்ட்ராக்ட்ல நோட்டீஸ் மூணு மாசம், மாசக் கடைசிக் கணக்கு.

கையெழுத்துப் போட்டா வீசா என்னங்க ஆகும்? பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) வாங்கறதுக்குள்ள இப்படி ஆயிருச்சேன்னு ராத்திரி தூக்கமே வர்றதில்லை.

பழைய_கொலோன் | ஜனவரி 14, இரவு 10:41

தம்பி, கையெழுத்துப் போடாதீங்க. அதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைப் படிங்க.

அவங்க நீட்டினது அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக். அவங்க உங்களை வேலையை விட்டு எடுக்கிற கடிதம் இல்ல அது. நீங்களும் சம்மதிச்சு விலகுற ஒப்பந்தம். சம்மதிக்கலைன்னா நாளைக்கும் உங்களுக்கு வேலை இருக்கு, சம்பளம் வரும்.

இப்ப கணக்கைப் பாருங்க. இன்னிக்கே டிஸ்மிசல் கடிதம் கொடுத்தாக்கூட மூணு மாச நோட்டீஸ்படி ஏப்ரல் 30 வரைக்கும் சம்பளம் கொடுத்தாகணும். மார்ச் 31-ல முடிச்சு ஒரு மாச இழப்பீடுன்னா, உங்க ஏப்ரல் சம்பளத்தை எடுத்து உங்களுக்கே அன்பளிப்பாக் கொடுக்கிறாங்க. அதுக்கு நன்றி வேற எதிர்பார்ப்பாங்க.

இதுல இன்னொரு வேட்டு: நோட்டீஸ் காலத்தைச் சுருக்கி இழப்பீடு வாங்கினா, அந்த இடைவெளிக்கு வேலையில்லாப் பணம் நிறுத்தி வைப்பாங்க. சம்மதிச்சு விலகினதுக்கு 12 வாரம் வரைக்கும் தடையும் போடலாம். ஆர்டர் குறைவால எப்படியும் எடுத்திருப்பாங்க, நோட்டீஸ் காலம் குறையலை, இழப்பீடு வருஷத்துக்கு அரை மாச சம்பளத்தைத் தாண்டலைன்னா பெரும்பாலும் அந்தத் தடை வராது. உங்க பேப்பர்ல நோட்டீஸ் காலம்ங்கிற அந்த ரெண்டாவது நிபந்தனையே அடிபடுது.

ஆறு மாசம் தாண்டினவர் நீங்க, கம்பெனியிலயும் பத்துப் பேருக்கு மேல இருப்பாங்க. டிஸ்மிசல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் முழுசா உண்டு, பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்து அது குறையாது. கடிதம் வந்தா மூணு வாரத்துக்குள்ள லேபர் கோர்ட்ல போடணும், அந்த மூணு வாரம் தவறினா கதை முடிஞ்சது. பெட்ரீப்ஸ்ராட் (ஊழியர்கள் தேர்ந்தெடுக்கிற குழு) இருக்கிற கம்பெனியில அவங்களைக் கேட்காம கொடுத்த டிஸ்மிசல் செல்லாது.

அதுக்காக உங்களை அசைக்கவே முடியாதுன்னும் சொல்ல மாட்டேன். யாரை எடுக்கிறதுன்னு பார்க்கும்போது சர்வீஸ், வயசு, குடும்பப் பொறுப்பு, உடல் ஊனம் நாலையும் பார்ப்பாங்க. சர்வீஸ்ல நீங்க கடைசி. மனைவி, குழந்தை இருக்கிறது உங்க பக்கம் நிற்கும்.

மியூனிக்_மீனாட்சி | ஜனவரி 14, இரவு 11:20

கொலோன் அண்ணா வேலைச் சட்டத்தைச் சொல்லிட்டார். நான் வீசா பக்கத்தைச் சொல்றேன். இங்கே எல்லாரும் இழப்பீட்டுத் தொகையைத்தான் பேரம் பேசுவாங்க. ப்ளூ கார்டுக்காரங்க பேரம் பேச வேண்டியது கடைசித் தேதியை.

பி.ஆர். கணக்கு தெரியும்னு நினைக்கிறேன். 2023 நவம்பர்ல சட்டம் மாறினதுல இருந்து, A1 (தொடக்க நிலை) ஜெர்மன் இருந்தா 27 மாசம், B1 (நடுத்தர நிலை) இருந்தா 21 மாசம். அத்தனை மாசத்துக்கும் பென்ஷன் கட்டியிருக்கணும். 2024 ஜூன்ல சேர்ந்திருந்தா பிப்ரவரி முடியும்போது 21, ஆகஸ்ட் முடியும்போது 27. கார்டு கைக்கு வந்த தேதியில இருந்து எண்ணாதீங்க. கார்டு வர்றதுக்கு முன்னாடி நீங்க வந்திறங்கின நேஷனல் வீசாவும் இங்கே வேலை பார்க்கக் கொடுத்ததுதான், அதுல இருந்த நாளும் சேரும். பலர் இதுலயே மூணு நாலு மாசத்தைத் தானா விட்டுக்கொடுத்துடறாங்க.

ரெண்டாவது, வேலை போனா தேடறதுக்குக் கிடைக்கிற அவகாசம். ப்ளூ கார்டு வாங்கி ரெண்டு வருஷம் ஆகாதவங்களுக்கு ஐரோப்பிய விதி கொடுக்கிற பாதுகாப்பு மூணு மாசம். ரெண்டு வருஷம் ஆனவங்களுக்கு ஆறு மாசம். மார்ச் 31-ல வெளியே வந்தா நீங்க மூணு மாசக்காரர். ஜூன் 30-ல வந்தா ஆறு மாசக்காரர்.

மூணாவது வேலையில்லாப் பணம். 20 மாசம் கட்டினவங்களுக்கு 10 மாசம், 24 கட்டினா 12 மாசம். அதுவும் ஜூன்ல தாண்டிடுது. இந்தப் பணம் நீங்க கட்டின இன்சூரன்ஸ்ல இருந்து வர்றது, அதை வாங்கினா வீசாவுக்குப் பாதகம் இல்லை. பியூர்கர்கெல்ட் (வருமானம் போதாதவங்களுக்கு அரசு கொடுக்கிற உதவி) வேற ரகம், அந்தப் பக்கம் போகாதீங்க.

ஆக, ஜூன் 30 வரைக்கும் சம்பளப் பட்டியல்ல பேர் இருக்கணும். வீட்டுல இருந்தாலும் சரி. சம்பளத்தோட விடுவிச்சு வீட்டுக்கு அனுப்பினா பென்ஷன் கட்டறது நிற்காது.

உங்களுக்கு இப்போ ஜெர்மன் என்ன லெவல்?

நெக்கர்க்கரை | ஜனவரி 15, காலை 6:55

A1 சர்டிபிகேட் சென்னைல எழுதி வாங்கினது இருக்குங்க. B1 கிளாஸ் சாயங்காலம் போறேன், பாதியில இருக்கு. ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷ்தான், அதனால வாய் திறக்கறதே இல்லை. பெட்ரீப்ஸ்ராட் இருக்கு. லீகல் இன்சூரன்ஸ் எடுக்கலை, இப்ப எடுத்தா ஆகுமா?

டார்ம்ஸ்டாட்_டீக்கடை | ஜனவரி 15, காலை 7:30

இப்ப எடுத்து பிரயோஜனம் இல்லை ப்ரோ. வேலை விஷயத்துக்குப் பொதுவா மூணு மாசம் காத்திருக்கணும், ஏற்கெனவே கிளம்பின பிரச்சனைக்கு அவங்க கொடுக்கவும் மாட்டாங்க. ஐ.ஜி. மெட்டால் தொழிற்சங்கத்துல மெம்பரா இருந்தா இலவசமா வக்கீல் கிடைக்கும், அதுக்கும் மூணு மாச மெம்பர்ஷிப் வேணும். கிராஸ் சம்பளத்துல ஒரு பர்சென்ட் சந்தான்னு நம்ம ஆளுங்க சேர்றதே இல்ல. இதைப் படிக்கிற மத்தவங்க இன்னிக்கே சேருங்க.

இன்னொண்ணு. லேபர் கோர்ட் முதல் கட்டத்துல ஜெயிச்சாலும் தோத்தாலும் அவங்கவங்க வக்கீல் காசு அவங்கவங்களோடது. கம்பெனி வக்கீல் பில் உங்க தலையில விழாது. முதல் ஆலோசனைக்கு ஒரு வேலைச்சட்ட வக்கீலைப் பாருங்க, வெள்ளிக்கு முன்னாடி.

ஊர்_திரும்பி | ஜனவரி 15, பகல் 1:05

நான் ஆறு வருஷம் இருந்துட்டு 2023-ல சென்னை வந்தவன். கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். எதுக்கு இந்தப் பாடு? கார் பாகம் செய்யற பாஷ் 2025 செப்டம்பர்ல இன்னும் 13,000 வேலையைக் குறைக்கிறோம்னு அறிவிச்சாச்சு. அதே தொழில்ல இருக்கிற இசட்.எஃப். 2028-க்குள்ள 14,000 வரைக்கும்னு 2024-லயே சொல்லியாச்சு. மெக்கானிக்கல் ஆளுக்கு அங்கே இனி என்ன இருக்கு? சம்பளத்துல நாப்பது பர்சென்ட் பிடிச்சுக்கிறான், டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு மூணு மாசம், நவம்பர்ல சூரியனே கிடையாது. ஓரகடத்துலயும் ஸ்ரீபெரும்புதூர்லயும் இதே டிசைன் வேலை இருக்கு. வர்ற பணத்தை வாங்கிட்டு வந்துடுங்க.

பழைய_கொலோன் | ஜனவரி 15, மாலை 5:48

வர்றதா வேணாமாங்கிறது அவர் வீட்டு முடிவு. வர்றதா இருந்தாலும் ஏப்ரல் சம்பளத்தை விட்டுட்டு ஏன் வரணும்?

அப்புறம், 54,000-க்கு வரி வகுப்பு மூணுல (கல்யாணமானவங்களுக்கான குறைஞ்ச பிடித்தம்) நாப்பது பர்சென்ட் பிடிக்க மாட்டாங்க. ஒண்டிக்கட்டைக் கணக்கைக் குடும்பஸ்தனுக்குச் சொல்லாதீங்க.

ஊர்_திரும்பி | ஜனவரி 15, மாலை 6:20

சரி, நான் ஒண்டிக்கட்டையாத்தான் இருந்தேன். சூரியன் விஷயத்துல மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.

வேப்பமரம் | ஜனவரி 15, இரவு 8:15

ஒரு ஐடியா. பேப்பர்ல இன்னும் கையெழுத்துப் போடலை இல்லையா? எச்.ஆர்.கிட்ட 'வேலை நடப்புல இருக்கு, நோட்டீஸ் இல்லை'ன்னு ஒரு லெட்டர் இப்பவே வாங்கி வெச்சுக்குங்க. B1 எழுதி பிப்ரவரி முடிஞ்ச உடனே பி.ஆர். போட்டுடுங்க. அப்புறமா விலகல் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க. வீசா ஆபீஸ்காரனுக்கு என்ன தெரியப் போகுது?

எசன்_தம்பி | ஜனவரி 15, இரவு 9:02

வேப்பமரம் அண்ணை, நீங்கள் சொல்லுறதில பாதி சரி, பாதி ஆளை உள்ள தள்ளுற வேலை.

பிப்ரவரி முடிய, வேலை உண்மையா நடப்பில இருக்கேக்க விண்ணப்பம் போடுறதில பிழை ஒண்டும் இல்லை. ஆனா இஞ்ச அதை அண்டைக்கே முடிச்சுத் தர மாட்டினம். மாசக்கணக்கில கிடக்கும். முடிவெடுக்கிற நாளில நிலைமை என்ன எண்டுதான் பாப்பினம். இடையில வேலை முடியுற கடதாசியில கையெழுத்து வைச்சா அதை நீங்களாச் சொல்ல வேணும். சொல்லாமல் பழைய கடிதத்தோட கார்டை எடுத்தா, பிறகு அது பொய்த்தகவல் குடுத்து எடுத்த கார்டு. பறிக்கலாம், வழக்கும் போடலாம். பிறகு குடியுரிமைக்குப் போகேக்க ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பாப்பினம்.

எங்கட அப்பா 80-களின்ர நடுவில கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில இறங்கி, அங்கயிருந்து மேற்கு பெர்லினுக்கு வந்தவர். அந்த நேரம் எங்கட சனம் கனபேர் வந்த வழி அது. அவைக்கு ப்ளூ கார்டும் இல்லை, ஒண்டும் இல்லை. சின்னச்சின்ன அவகாசமா நீட்டி நீட்டிக் குடுக்கிற கடதாசியோட, உணவுச்சாலைக் குசினியில கோப்பை கழுவி வருசக்கணக்கில இருந்தவை. வீட்டில ஒரு பெரிய கறுப்பு ஃபைல் இருந்தது. அலுவலகத்துக்குப் போன ஒவ்வொரு கடிதத்தின்ர நகலும், தபால் பதிவு ரசீதும் தேதிவாரியா அதுக்குள்ள கிடக்கும். 'வாயால கேட்டதை மறந்துபோ, எழுத்தில வந்ததை மட்டும் நம்பு' எண்டு சொல்லுவார். உங்களுக்கும் அதைத்தான் சொல்லுறன். எச்.ஆர். சொன்ன 'அடுத்த வெள்ளி' எழுத்தில வந்ததோ?

நெக்கர்க்கரை | ஜனவரி 15, இரவு 9:40

இல்லைங்க. வாயிலதான் சொன்னாங்க.

எசன்_தம்பி | ஜனவரி 15, இரவு 9:44

அப்ப மின்னஞ்சலில கேளுங்கோ. 'திங்கட்கிழமை கதைச்சது பற்றி: எனக்கு யோசிக்க நேரம் வேணும், சட்ட ஆலோசனை எடுக்கிறன், கெடு இருந்தா எழுத்தில தாருங்கோ.' மூண்டு வரி காணும்.

மியூனிக்_மீனாட்சி | ஜனவரி 15, இரவு 10:30

எசன் தம்பி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. பி.ஆர். விண்ணப்பத்துக்கு நிறைய ஊர்ல கேக்கிற கம்பெனிக் கடிதத்துல 'நோட்டீஸ் கொடுக்கப்படாத, காலவரையற்ற வேலை'ன்னு இருக்கணும். விலகல் ஒப்பந்தம் கையெழுத்தாயிட்டா எந்த எச்.ஆரும் அதை எழுதித் தர மாட்டாங்க. அதனால இந்த வேலையை வெச்சு பி.ஆர். கிடைக்கும்னு நம்பி உட்காராதீங்க. அடுத்த வேலைதான் உங்க பி.ஆர்.

காரணம் வாழ்வாதாரக் கணக்கு, அதாவது அரசு உதவி இல்லாம குடும்பத்தோட அடிப்படை மாசச் செலவுக்கு வருமானம் போதுமான்னு பார்க்கிறது. நெக்கர்க்கரை வீட்டுக்கே போட்டுப் பார்ப்போம். பெரியவங்க ரெண்டு பேருக்கு ஆளுக்கு 506, நாலு வயசுக் குழந்தைக்கு 357. மொத்தம் 1,369. அந்தப் பக்கம் வாடகை, ஹீட்டிங்கோட 1,250-னு வைப்போம். 2,619 ஆச்சு. வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு கழிவுத் தொகையை இதுக்கு மேல கூட்டுவாங்க. இப்போ அவர் கைக்கு வர்றது மூவாயிரத்துச் சொச்சம், அதோட கிண்டர்கெல்ட் (குழந்தைக்கான அரசுப் பணம்) 259. தாண்டிடும். வேலை போய், குழந்தை இருக்கிறவங்களுக்கான 67 பர்சென்ட் வேலையில்லாப் பணத்துல நின்னா இரண்டாயிரத்தை ஒட்டித்தான் வரும். தாண்டாது. வீசாவுக்குப் பாதகம் இல்லாத பணமா இருந்தாலும், பி.ஆருக்கு அது போதாது. வீட்டம்மாவுக்கு ஒரு பார்ட் டைம் கிடைச்சாலும் இந்தக் கணக்கு அப்படியே மாறும். ப்ளூ கார்டுக்காரங்க மனைவிக்கு வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம், வந்த நாள்ல இருந்து உரிமை உண்டு.

புது வேலைக்கு மாறறது இப்போ சுலபம். முதல் 12 மாசம்தான் வெளிநாட்டினர் அலுவலகம் குறுக்கே வரலாம். அதுக்கப்புறம் அனுமதி கேட்க வேண்டாம், சொன்னாப் போதும். சம்பளம் மட்டும் இந்த வருஷத்து வரம்பைத் தாண்டணும். 2026-க்கு 50,700. இன்ஜினியர் பற்றாக்குறைப் பட்டியல்ல இருக்கிறதால 45,934.20-க்கும் வழி உண்டு, ஆனா அங்கே வேலைவாய்ப்பு ஏஜென்சியோட சம்மதம்னு ஒரு படி நுழையும். 50,700-க்கு மேலேயே வாங்கப் பாருங்க.

புது வேலையில சேர்ந்த அன்னிக்கே பி.ஆர். போடலாமான்னா, சில ஊர்ல புரொபேஷன் முடிஞ்சு வான்னு சொல்றாங்க, சில ஊர்ல கேக்கறதில்லை. இதுவரைக்கும் கட்டின மாசங்கள் அழியாது. இடையில சும்மா இருந்த மாசம் சேராது, அவ்வளவுதான்.

வேப்பமரம் | ஜனவரி 15, இரவு 10:52

சரிங்க, என் ஐடியாவைத் தூக்கிப் போடுங்க. B1-ஐ மட்டும் விட்டுடாதீங்க.

டார்ம்ஸ்டாட்_டீக்கடை | ஜனவரி 15, இரவு 11:15

B1-ங்கிறது பி.ஆர். காத்திருப்புல ஆறு மாசம் மிச்சம். வேற எந்தப் பேப்பராலயும் அந்த ஆறு மாசத்தை வாங்க முடியாது. கோத்தே நிறுவனத்தோட B1 பரீட்சை எழுதுங்க, படிக்கிறது, கேக்குறது, எழுதுறது, பேசுறதுன்னு நாலும் தனித்தனி. ஒண்ணுல 60-க்குக் கீழே போனா அதை மட்டும் மறுபடி எழுதலாம்.

கூடவே 'லேபன் இன் டாய்ச்லாண்ட்' (ஜெர்மனியில் வாழ்க்கை) பொது அறிவு டெஸ்ட்டுக்கும் இன்னிக்கே பேர் கொடுங்க. 33 கேள்வி, பி.ஆருக்கு 15 சரியா இருந்தாப் போதும், 17 எடுத்தா பிற்காலத்துல குடியுரிமைக்கும் ஆகும். கேள்வி எல்லாம் முன்கூட்டியே வெளியிட்டதுதான், 300 பொது, 10 அந்தந்த மாநிலத்துக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடியும். ரிசல்ட் வர்றதுதான் ஆமை வேகம். ப்ளூ கார்டுக்காரங்க பாதிப் பேர் இது நமக்கு இல்லைன்னு நினைச்சுட்டு கடைசி நேரத்துல ஓடுறாங்க.

புதுசா_வரேன் | ஜனவரி 16, காலை 9:10

ஹாய் ஃப்ரெண்ட்ஸ், நான் திருச்சி. சான்சன்கார்ட்டேல வந்து ஜெர்மனில வேலை தேடலாம்னு இருக்கேன். ஏஜென்ட் நாலு லட்சம் கேக்கறார், வேலை கேரண்ட்டின்னு சொல்றார். கொடுக்கலாமா?

பழைய_கொலோன் | ஜனவரி 16, காலை 9:35

கொடுக்காதீங்க. சான்சன்கார்ட்டே 2024 ஜூன் 1-ல இருந்து இருக்கு. அது வேலை தேட ஒரு வருஷம் வரைக்கும் கொடுக்கிற அனுமதி, வேலைக்கு யாரும் கேரண்ட்டி கொடுக்க முடியாது. வாரம் 20 மணி நேரம் பார்ட் டைம் பார்க்கலாம். செலவுக்கு மாசம் ஆயிரத்துச் சொச்சம் யூரோ வீதம் பிளாக்ட் அக்கவுண்ட்ல (மாசாமாசம் ஒரு அளவுதான் எடுக்க முடியற வங்கிக் கணக்கு) காட்டணும். விண்ணப்பத்தை நீங்களே ஆன்லைன்ல போடலாம், நேஷனல் வீசா கட்டணம் 75 யூரோ. உங்க காலேஜ், டிகிரி ரெண்டும் அனாபின்ல (வெளிநாட்டுப் பட்டங்களுக்கான ஜெர்மன் தகவல்தளம்) இருக்கான்னு முதல்ல பாருங்க. டிகிரி முழுசா அங்கீகாரம் ஆகியிருந்தா சான்சன்கார்ட்டேக்கு எடுக்க வேண்டிய ஆறு பாயின்ட் கணக்கே தேவையில்லை. இல்லைன்னா வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடற இசட்.ஏ.பி. அலுவலகத்துல மதிப்பீடு வாங்குங்க. நாலு லட்சத்துல ஒரு வருஷம் ஜெர்மன் படிச்சாலே மீதி வரும்.

இந்த இழையில இவர் பிரச்சனை ஓடுது, தனியா ஒரு இழை தொடங்குங்க.

நிர்வாகி | ஜனவரி 16, காலை 11:00

சான்சன்கார்ட்டே பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றுகிறோம். வக்கீல்களின் பெயர், போன் எண் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. பரிந்துரை வேண்டுவோர் தனிச்செய்தியில் கேளுங்கள்.

நெக்கர்க்கரை | பிப்ரவரி 21, இரவு 9:25

எல்லாருக்கும் நன்றிங்க. ஒரு மாசமா எழுத முடியலை, நிலவரத்தைச் சொல்லிடறேன்.

மின்னஞ்சல் அனுப்பின மறுநாளே 'கெடு ஒண்ணும் இல்லை, யோசிச்சுச் சொல்லுங்க'ன்னு பதில் வந்துச்சு. வக்கீலைப் பாத்தேன், அவரும் மார்ச் 31-ஐப் பாத்து சிரிச்சார். அடுத்த மீட்டிங்குக்கு பெட்ரீப்ஸ்ராட்ல ஒரு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். அவங்க அதிகம் பேசலை. 'இந்த டிபார்ட்மென்ட்ல யார் யாரை ஒப்பிட்டுப் பாத்தீங்க, அந்தப் பட்டியல் எங்களுக்கு இன்னும் வரலையே'ன்னு ஒரு கேள்விதான் கேட்டாங்க. எச்.ஆர். பொண்ணு பேனாவை மூடி வெச்சுட்டு, பேசிட்டு வர்றேன்னு போனாங்க.

நான் பணத்தைப் பத்தி வாயே திறக்கலைங்க. ஜூன் 30 வரைக்கும் சம்பளம், ஏப்ரல்ல இருந்து வேலைக்கு வர வேண்டாம், நடுவுல வேற வேலை கிடைச்சு சீக்கிரம் போனா மீதி மாச சம்பளத்துல பாதி இழப்பீடாச் சேரணும். இந்த மூணு மட்டும் கேட்டேன். இழப்பீடு அதே ஒரு மாசம்தான். ரெண்டு வாரம் இழுத்தாங்க, கடைசில ஒத்துக்கிட்டாங்க. வக்கீல் ஒருதடவை படிச்சதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன், அது போன வாரம்.

B1-ல படிக்கறது, கேக்கறது, பேசறது மூணும் பாஸ். எழுதறதுல 54. கொஞ்சம் கடுப்புதான், மார்ச்ல அதை மட்டும் மறுபடி எழுதறேன். பேசறதுல பாஸ் ஆவேன்னு நானே நினைக்கலை, கிட்டா டீச்சர்கிட்ட தினமும் ரெண்டு நிமிஷம் நின்னு பேசினது கைகொடுத்துருச்சு.

உல்ம்ல ஒரு கம்பெனில ரெண்டாவது ரவுண்டு கூப்பிட்டிருக்காங்க. மெடிக்கல் உபகரணம், கார் இல்லை. ரெண்டு கேள்விங்க. வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு இப்பவே சொல்லணுமா? சம்பளம் எவ்வளவு கேக்கலாம்?

எசன்_தம்பி | பிப்ரவரி 21, இரவு 10:10

நல்ல வேலை பாத்திருக்கிறியள். அந்த பெட்ரீப்ஸ்ராட் அம்மாவுக்கு ஒரு பெட்டி இனிப்பு குடுங்கோ. ஹாம் நகர அம்மன் கோயில் தேருக்கு இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்கோ, எசனில சாப்பாடு எங்கட வீட்டில.

மியூனிக்_மீனாட்சி | பிப்ரவரி 21, இரவு 10:48

சூப்பர். முதல்ல அலுவலகம். வேலை முன்கூட்டியே முடிஞ்சுட்டா அது தெரிஞ்ச ரெண்டு வாரத்துக்குள்ள நீங்க சொல்லணும், கம்பெனிக்கு நாலு வாரம். உங்களுக்கு ஜூன் 30 வரைக்கும் வேலை நடப்புலதான் இருக்கு. அதுக்குள்ள உல்ம் கையெழுத்தாச்சுன்னா, வேலை மாற்றம்னு புது காண்ட்ராக்ட்டோட ஒரே கடிதமாப் போயிடும். பி.ஆர். விண்ணப்பம் இந்த வேலையைக் காட்டிப் போடாதீங்க. உல்ம் காண்ட்ராக்ட் கைக்கு வந்ததும், அதோட B1, லேபன் இன் டாய்ச்லாண்ட், பென்ஷன் கணக்கு எல்லாம் சேர்த்துப் போடுங்க. உல்முக்கே வீடு மாறினா அலுவலகமும் மாறும், ஃபைல் அங்கே போய்ச் சேர நாளாகும். வீடு மாறறதுக்கு முன்னாடி போடறதா அப்புறம் போடறதான்னு ரெண்டு அலுவலகத்தோட வெயிட்டிங் நேரத்தையும் விசாரிச்சு முடிவு பண்ணுங்க.

இதைவிட அவசரம் வேற ஒண்ணு. வேலை தேடறவர்னு அர்பைட்ஸ்அம்ட்ல (வேலைவாய்ப்பு அலுவலகம்) பதிவு பண்ணுங்க. வேலை முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடி பண்ணணும், உங்களுக்கு மார்ச் மாசத்தோட கெடு. ஆன்லைன்ல அரை மணி நேர வேலை. விட்டா ஒரு வாரப் பணம் போகும்.

பழைய_கொலோன் | பிப்ரவரி 22, காலை 8:05

சம்பளம் 58-னு ஆரம்பிங்க, 55-க்குக் கீழே இறங்காதீங்க. இப்ப வேலையில இருக்கீங்களான்னு கேட்டா 'இருக்கேன், ஜூன் வரைக்கும் காண்ட்ராக்ட் இருக்கு, அதுக்கு முன்னாடியும் வர முடியும்'னு சொல்லுங்க. அது உண்மையும்தான். காண்ட்ராக்ட் வந்ததும் காலவரையற்றதா இருக்கான்னு பாருங்க. ஒரு வருஷ டெம்பரரி போட்டுட்டு அப்புறம் நீட்டிக்கலாம்னு சொல்வாங்க, பி.ஆருக்குப் போகும்போது அது இழுக்கும்.

நெக்கர்க்கரை | பிப்ரவரி 22, காலை 8:40

அர்பைட்ஸ்அம்ட் பதிவு இப்பவே முடிச்சுட்டேனுங்க. உல்ம் வியாழக்கிழமை.